அழிக்காத விரல்

காலை பத்தேகால் மணிக்கு வந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டுக் கிறுக்கி முதலில் சிரித்தாள். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. மூன்றாம் முறை படித்தபோது காது மடல் சூடாகிவிட்டது.

எழுதியிருந்தவர் ஒரு பதிப்பகத்தின் ஓவியப் பிரிவுத் தலைவர். அவள் அனுப்பிய அட்டைப்படத்தில் பெண்ணின் கையில் ஆறு விரல்கள் இருக்கின்றனவாம். அது ஏ.ஐ. செய்யும் வழக்கமான பிழையாம். இயந்திரத்தை வைத்து வரைவதில்லை என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்தது வருத்தமளிக்கிறதாம். நாவலாசிரியைக்கும் அச்சுப் பிரிவுக்கும் விளம்பரப் பிரிவுக்கும் விஷயம் தெரிவிக்கப்பட்டுவிட்டதாம். கடைசியில் ‘அன்புடன்’ வேறு.

கிறுக்கி என்பது அவள் சொந்தப் பெயர் அல்ல. மூன்று வயதில் வீட்டுச் சுவர் முழுக்கக் கிறுக்கி வைத்ததற்காக அப்பா வைத்த பெயர். வளர்ந்து, படித்து, கணக்கர் வேலை கிடைத்து, எட்டே மாதத்தில் அதை உதறிவிட்டு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படம் வரையப்போகிறேன் என்று சொன்னபோது, அந்தப் பெயருக்கு இன்னொரு பொருளும் கச்சிதமாகப் பொருந்திவிட்டதாக உறவினர்கள் முடிவு கட்டினார்கள். அதற்குப் பிறகு பதினொரு வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. உறவினர்கள் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை; அவளும்தான்.

அக்கா வீட்டின் பின்பக்கப் பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்ததுதான் அவளுடைய வேலை அறை. ஒரு மூலையில் துணி துவைக்கும் இயந்திரம் இருந்தது. அது சுழலும்போது மேசையும் கூடவே ஆடும். அந்த நேரத்தில் வண்ணம் நிரப்புவாள். நீளக் கோடுகளை அது ஓய்ந்த பிறகுதான் இழுப்பாள். வெயில் ஏறினால் திரையில் ஒன்றும் தெரியாது என்பதால் அத்தானின் பழைய போர்வை ஒன்று கண்ணாடியில் தொங்கியது. பேனா வைத்து நேரடியாகத் திரையிலேயே வரைகிற பெரிய டேப்லெட் அவளுடையது. பதினொரு வருடத் தேய்ப்பில் அதன் நடுப்பகுதி மட்டும் வழுக்குப்பாறை மாதிரி பளபளத்தது.

வேலை என்றால் இன்ன வேலை என்று இல்லை. பல் மருத்துவமனைக்குச் சிரிக்கிற பல். செருப்புக் கடைக்கு ஓடுகிற செருப்பு. பாடநூல் ஒன்றுக்கு மண்புழுவின் குறுக்குவெட்டுத் தோற்றம். அந்த மண்புழுவை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். முகத்தில் இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சி வேண்டுமாம். எது முகம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவளே ஒரு பக்கத்தை முகம் என்று வைத்துக்கொண்டு சிரிப்பு வரைந்து அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள்.

அத்தான் பேருந்து ஓட்டுநர். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. “இப்பல்லாம் கம்ப்யூட்டரே படம் வரைஞ்சிடுதாமே, நீ எதுக்கு உக்காந்து கையை ஒடிச்சுக்கறே?” என்று ஒருநாள் கேட்டார்.

“வண்டிகூட இப்பல்லாம் தானா ஓடுதாம் அத்தான்” என்றாள் கிறுக்கி.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

நாவலுக்கு அட்டைப்படம் என்று பதிப்பகம் கேட்டபோது அவள் உண்மையிலேயே மகிழ்ந்தாள். கதை பூட்டுத் திறக்கிற ஒரு பெண்ணைப் பற்றியது. சாவி தொலைத்தவர்கள் கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்து கொடுக்கிறவள். கையெழுத்துப் பிரதியை இரண்டு முறை படித்தாள். அட்டையில் முகம் வேண்டாம், கையும் பூட்டும் போதும் என்று தோன்றியது. தோன்றுவது எளிது. வரைய உட்கார்ந்தபோது கை வரவில்லை.

இணையத்தில் கிடைத்த கைகளைப் பார்த்து வரைந்தாள். அழகழகான கைகள், ஒன்றுகூட வாழ்நாளில் பூட்டைத் தொட்ட கை இல்லை. தன் இடக்கையையே படம் பிடித்துப் பார்த்து வரைந்தாள். அதுவும் உதவவில்லை. வலக்கை பேனா பிடித்துப் பிடித்துக் கெட்டுப்போயிருந்தது என்றால் இடக்கை அதைப் பார்த்துப் பார்த்தே கெட்டுப்போயிருந்தது. எதைக் கொடுத்தாலும் பேனாவைப் போலவே பிடித்தது. பன்னிரண்டு நாளில் நாற்பத்தொரு கைகள் வரைந்து நாற்பத்தொன்றையும் தூக்கிப் போட்டாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அலமாரியில் தொங்கிய பூட்டு சிக்கிக்கொண்டது. அத்தான் இழுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். அக்கா அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தலையிலிருந்த கொண்டை ஊசியை எடுத்து நிமிர்த்திப் பூட்டுக்குள் விட்டாள். கதவில் கட்டைவிரல் ஊன்றியிருந்தது. ஊசியை இரண்டு விரல்கள் திருப்பின. பூட்டின் அடிப்பாகத்தை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, அக்காவின் ஆறாவது விரல் தாங்கிப் பிடித்துக்கொண்டது.

ஆமாம், அக்காவின் வலக்கையில் பிறவியிலேயே ஆறு விரல்கள். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், எலும்பும் நகமும் மடக்குமாக, குறையில்லாத ஒரு விரல். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அக்காவுக்கு. கையுறையில் இருப்பது ஐந்து அறைகள்தான் என்பதால் கடைசி இரண்டு விரல்களும் ஒரே அறையில் குடித்தனம் நடத்தின. ஊசிக்குப் பயந்து வருகிறவர்கள் அந்தப் புடைப்பைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா ரத்தத்தை எடுத்து முடித்துவிடுவாள். வேலையில் அது பிரச்சினை இல்லை. வெளியில்தான். புகைப்படம் என்றால் அந்தக் கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். கடையில் சில்லறை வாங்குவதுகூட இடக்கையில்தான்.

கிறுக்கி, கையில் கிடைத்த மின்கட்டணத் தாளின் பின்பக்கத்தில் நின்றபடியே வரைந்தாள். பூட்டு திறப்பதற்குள் கையின் நிலை பிடிபட்டுவிட்டது. அடுத்த இரண்டு வாரம் அந்த ஒரே கையோடுதான் வாழ்ந்தாள். கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவது போல லேயர் லேயராக வரைகிற வேலை அது. கீழே கோடு, அதன் மேல் நிறம், அதற்கும் மேல் நிழல். தோலுக்கு மட்டும் ஒன்பது பழுப்புகள் கலந்தாள். கணுக்களின் மேல் வெளிச்சம் எங்கே வழுக்கும், எங்கே தங்கும் என்பதற்கே மூன்று நாள். ஐந்து விரலாக வரைந்தால் என்ன என்று ஒருமுறை நினைக்கத்தான் செய்தாள். ஆனால் படத்தில் பூட்டைத் தாங்கி நின்றதே அந்த விரல்தான். நாற்பத்தொரு கைகளுக்கும் இந்தக் கைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. வைத்துவிட்டாள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

இப்போது இந்த மின்னஞ்சல்.

அவள் சும்மா இருக்கவில்லை. மின்கட்டணத் தாளைப் படம் பிடித்தாள். எல்லா லேயர்களோடும் மூலக் கோப்பை எடுத்தாள். வரைய வரையத் தானாகப் பதிவாகியிருந்த வீடியோவையும் சேர்த்தாள். மூன்றையும் மதியத்துக்குள் அனுப்பிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் ஓவியப் பிரிவுத் தலைவரே தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது. எல்லாம் பார்த்தாராம். ஆனால் இந்தக் காலத்தில் அந்த மாதிரி வீடியோவைக்கூடப் போலியாகச் செய்துவிடுகிறார்களாம்.

“அப்போ நான்தான் வரைஞ்சேன்னு எதைக் காட்டினா சார் நம்புவீங்க?”

“நம்புறது நம்பாதது இருக்கட்டும் மேடம். வாங்குறவன் முதல்ல விரலைத்தான் எண்ணுவான். எண்ணிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பான். ஒரு விரலை எடுத்துடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. இந்த விஷயத்தை இதோட விட்டுடலாம்.”

போனை வைத்ததும் அவள் அந்த இரண்டு நிமிட வேலையைச் செய்தும் பார்த்தாள். விரலைச் சுற்றி ஒரு வளையம் போட்டு அழித்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நாற்பது விநாடிதான். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். பூட்டு எந்த நேரமும் கீழே விழுந்துவிடும் போல இருந்தது. மற்ற ஐந்து விரல்களும் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் நின்றன. அழித்தால் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதைக்கூட அவள் விழுங்கியிருப்பாளோ என்னவோ. படம் செத்துப்போனதை அவளால் தாங்க முடியவில்லை. பழையபடி விரலைத் திரும்பக் கொண்டுவந்தாள். பிறகு இரண்டே வரி எழுதினாள்: “விரல் இருக்கும். நாளை மூன்று மணிக்கு நேரில் வருகிறேன்.”

அனுப்பிய பிறகுதான் மடத்தனம் உறைத்தது. விரல் இருக்கும் என்று சொல்ல இவள் யார்?

நான்கரை மணிக்கு அக்கா வேலை முடிந்து வந்தாள். கிறுக்கி திரையைத் திருப்பிக் காட்டினாள். அக்கா நின்றபடியே வெகுநேரம் பார்த்தாள்.

“இது என் கை.”

“ஆமாக்கா.”

“என்னைக் கேட்டியா?”

அக்கா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பில் ஆறு என்ற எண் வரும்போதெல்லாம் வகுப்பே திரும்பித் தன்னைப் பார்க்கும் என்று சொன்னாள். கல்யாணப் படத்தில் கை எங்கே இருக்கிறது தெரியுமா, பூங்கொத்துக்கு அடியில் என்று சொன்னாள். “நாப்பது வருஷமா மறைச்சு வெச்சிருக்கேன். நீ அட்டை போட்டு ஊருக்கே காட்டுறே.”

“தப்புதான்கா. நீ வேண்டாம்னு சொன்னா படத்தையே திரும்ப வாங்கிடறேன். ஆனா அஞ்சு விரலா மட்டும் மாத்திக் குடுக்க மாட்டேன்.”

“அது என்னடி, விரல் என்னோடது, வீம்பு உன்னோடதா?”

அத்தான் தட்டோடு வந்து உட்கார்ந்தவர், நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று, அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு என்பார்கள், உன் அக்காவுக்கு அந்தப் பழமொழிகூடப் பத்தாது என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

அக்கா அந்த மின்னஞ்சலைக் காட்டச் சொன்னாள். நிதானமாகப் படித்தாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள். வைத்தது ஆறு விரல் கையின் சுட்டுவிரல். “வழக்கமான பிழை” என்று வாய்விட்டுப் படித்தாள். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். வழக்கத்தைவிடப் பாத்திரங்கள் அன்றைக்கு அதிகமாகச் சத்தம் போட்டன.

மறுநாள் காலையும் பேச்சில்லை. கிறுக்கி மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினாள். படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஆனால் நான் பொய்க்காரி இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அரை நாள் விடுப்புப் போட்டிருந்தாள் போல. வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை.

“படத்துக்கு நான் இன்னும் சரின்னு சொல்லல” என்றாள். “அந்த ஆளைப் பார்க்கத்தான் வரேன்.”

பதிப்பகம் மூன்றாவது மாடியில் இருந்தது. நடைபாதையின் இரண்டு பக்கமும் விற்காத புத்தகங்கள் இடுப்புயரத்துக்குக் கட்டுக்கட்டாக நின்றன. கடைசியில் ஒரு கண்ணாடி அறை. ஓவியப் பிரிவுத் தலைவர் எழுந்து வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் மூக்குக் கண்ணாடி தொங்கியது. கிறுக்கியோடு கை குலுக்கிவிட்டு, மரியாதைக்கு அக்காவின் பக்கமும் கையை நீட்டினார்.

அக்கா வலக்கையைக் கொடுத்தாள்.

கிறுக்கிக்குத் தெரிந்து அக்கா முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்தக் கையைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவர் குலுக்கினார். குலுக்கியவர் விடவில்லை. ஏதோ கணக்குத் தப்புகிறது என்று அவருடைய உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து பார்த்தார். அக்கா பொறுமையாக நின்றாள். ஊசி குத்தும்போது நோயாளியின் முகத்தைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எண்ணிட்டீங்களா?” என்று கேட்டாள்.

அவர் கையை விட்டுவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இப்படி இருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள், நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை இயந்திரம்தான் இப்படி வரையும் என்று ஏதேதோ சொன்னார். மன்னிப்புக் கேட்பதற்கு மிகவும் பக்கத்தில் வரைக்கும் வந்தார், கேட்கவில்லை.

அதற்குள் விஷயம் கசிந்து விளம்பரப் பிரிவுப் பெண் உள்ளே வந்தாள். அவளுக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம். இதைவிட நல்ல கதை கிடைக்குமா என்றாள். அக்காவைப் புத்தகத்தோடு நிறுத்திப் படம் எடுக்கலாம், கையைக் காட்டிப் பேசச் சொல்லி ஒரு வீடியோ போடலாம், லட்சம் பேர் பார்ப்பார்கள் என்றாள். பேசும்போதே கைபேசியைத் தூக்கிக் கோணம் பார்த்தாள். நேற்று வரை பிழையாக இருந்த விரல் இன்றைக்குச் சரக்காகிவிட்டது.

கிறுக்கி கையை நீட்டி அந்தக் கைபேசியின் கண்ணை மறைத்தாள். ஆனால் பேசியது அக்காதான்.

“என் கையை என் தங்கச்சி வரைஞ்சிருக்கா. படத்துல அது இருக்கட்டும், நான் தடுக்கல. என்னை நிக்க வெச்சு வேடிக்கை காட்டுற வேலை வேண்டாம்.”

இருக்கட்டும் என்ற வார்த்தையை அக்காவின் வாயிலிருந்து கிறுக்கி அங்கேதான் முதன்முதலாகக் கேட்டாள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்துச் சொன்னாள்: “எனக்கு ஒரு கடிதம் வேணும் சார். இது என் கையால வரைஞ்ச படம்னு, யார் யாருக்கு நேத்து எழுதினீங்களோ அத்தனை பேருக்கும் எழுதணும்.”

அதற்கென்ன, உள்ளே எல்லோரிடமும் வாயால் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர்.

“எழுதித்தானே சொன்னீங்க. எழுதியே திரும்ப வாங்குங்க. கடிதம் வர்ற வரைக்கும் படத்தைப் பயன்படுத்த நான் சம்மதிக்கல.”

அவர் முகம் மாறியது. இவ்வளவு பிடிவாதம் பிடித்தால் பின்னால் வேலை கொடுப்பது கஷ்டமாகிவிடும் என்று மெல்லச் சொன்னார். அறிவுரை மாதிரியும் இருந்தது, மிரட்டல் மாதிரியும் இருந்தது.

“பரவாயில்ல சார்” என்றாள் கிறுக்கி. “போன மாசம் மண்புழுவுக்கே சிரிப்பு வரைஞ்சிருக்கேன். நான் பிழைச்சுக்குவேன்.”

லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு தளம் இறங்குவதற்குள் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பா வேறெதுவுமா என்று கிறுக்கிக்குத் தெரியவில்லை, அக்காவும் சொல்லவில்லை. தெருவுக்கு வந்ததும் அக்கா சொன்னது வேறு: “அந்த விரலோட நகத்தை ரொம்பச் சின்னதா போட்டிருக்கே. அவ்வளவு சின்னதா இல்ல.” கையை வெயிலில் நீட்டிக் காட்டினாள். கிறுக்கி நடைபாதையிலேயே நின்று அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். உண்மைதான். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக நகத்தைத் திருத்தினாள்.

கடிதம் ஒன்பது நாள் கழித்து வந்தது. ‘புரிதலில் நேர்ந்த சிறு குழப்பம்’ என்று எழுதியிருந்தார்கள். கிறுக்கி அந்த நான்கு வார்த்தைகளையும் சிவப்பில் அடித்து, மேலே ‘எங்கள் தவறு’ என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். இனி ஜென்மத்துக்கும் பதில் வராது என்றார் அத்தான். நான்காம் நாள் வந்தது. அடித்தபடியே திருத்தியிருந்தார்கள், எல்லோருக்கும் நகல் போயிருந்தது. நாவலாசிரியை பிடிவாதமாக அந்தப் படம்தான் வேண்டும் என்று நின்றதாகப் பிற்பாடு காதில் விழுந்தது. அதனாலா, தன் சிவப்பு மையாலா என்று கிறுக்கி ஆராயவில்லை. படத்தைக் கொடுத்தாள்.

புத்தகம் வெளிவந்தது. தலைவர் சொன்னதும் நடக்காமல் இல்லை. இணையத்தில் யாரோ அட்டையை எடுத்துப் போட்டு, விரலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்து, மனிதர்களை வைத்து வரையக்கூட வக்கில்லையா என்று கேட்டார்கள். கீழே ஊர் கூடித் திட்டியது. பதிப்பகம் பதறிப்போய் விளக்கம் கொடுக்கச் சொன்னது. கிறுக்கி மறுத்துவிட்டாள். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்துவிட்டது, எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொண்டே இருக்கட்டும், தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

அக்கா ஒரே நாளில் மாறிவிடவில்லை. கடையில் இன்னும் இடக்கைதான் முதலில் நீள்கிறது. ஆனால் அத்தான் அந்தப் புத்தகத்தைப் பணிமனைக்கு எடுத்துப் போய் ஓட்டுநர்கள், நடத்துநர்கள் ஒருவர் விடாமல் காட்டிக்கொண்டிருந்தது தெரிந்தபோது, எதற்குக் காட்டினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அட்டையில் கறை பட்டதற்குத்தான் திட்டினாள்.

மூன்று மாதம் கழித்து, வேலை கொடுப்பது கஷ்டம் என்று சொன்ன அதே பதிப்பகத்திலிருந்து அடுத்த புத்தகத்துக்கு அழைப்பு வந்தது. கூடவே புதிய ஒப்பந்தம். கிறுக்கி துணி துவைக்கும் இயந்திரம் சுழல்கிற நேரத்தில் அதைப் படித்தாள். பதினேழாவது விதி புதிதாக இருந்தது: படத்தில் வரும் மனிதர்களின் உடல் உறுப்புகள் வழக்கமான எண்ணிக்கையில் அமைந்திருத்தல் வேண்டும்.

அவள் அதைத் தாளாக அச்செடுத்தாள். அளவுகோல் வைத்துப் பதினேழாவது விதியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். மேசை ஆடியதில் கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. பரவாயில்லை என்று பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்தும் போட்டு, அப்படியே அனுப்பி வைத்தாள்.